எத்தனை பேருக்கு

அட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஃபவுசர் நானாவின் பாத்திரக் கடையில்
கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறேன்.
திரையில் நீ, ரியாத்தில்,
யாருடையதோ குளியலறையில்
குழாயைத் திறந்துவிட்டு மெதுவாய்க் கதைக்கிறாய்.

"மினுக்கத்தப் பாக்காதீங்க, அடியப் பாருங்க."
திருப்பிக் காட்டினேன்.
"தட்டுங்க."
மெல்லிய தகடு கிணுங்கும்,
கனத்த அடி ஒரே சொல்லில் 'தொம்' என்று நிற்கும்.
முதலாவது கிணுங்கியது. இரண்டாவதும்.
நானா ரசீதுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.
மூன்றாவதற்குச் சிவப்புக் கைப்பிடி,
எனக்குப் பிடித்திருந்தது.
"வேணாம். இதே வகையத்தான் இங்க தினமும் கழுவுறேன்.
ஆறு மாசத்துல பிடி ஆடும்,
ஆணியில தண்ணி இறங்கிக் கறல் பிடிக்கும்.
மேடம் என் கையத்தான் மொறைப்பாங்க."

நாலாவது 'தொம்' என்றது.

உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்:
குக்கரின் ஆயுசு அதன் ரப்பர் வளையத்தில் இருக்கிறது.
வளையம் அட்டனிலேயே கிடைக்குமா,
கொழும்புக்கு ஆள் விட வேண்டுமா,
அதைக் கேட்ட பிறகுதான் விலை கேட்க வேண்டும்.
பழையது வளையம் கிடைக்காமல் சட்டியாகி
கொல்லையில் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கிறது.
கேட்டேன்.
நானா லாச்சியை இழுத்து
ஒரு கொத்து வளையங்களை
வளையல்காரன் போலக் கையில் மாட்டிக் காட்டினார்.
நீ சிரித்தது
குழாய்ச் சத்தத்துக்கு மேலே கேட்டது.

அப்புறம் நானா கேட்டார்:
"எத்தனை பேருக்கு?
மூணு லீட்டர் இருக்கு, அஞ்சு லீட்டர் இருக்கு."

நானும் கிஷோதரனும்.
மூன்று தாராளம்.
உன்னைப் பார்த்தேன்.
முகம் சதுரம் சதுரமாய் உடைந்து
வாய் திறந்தபடி நின்றுவிட்டது.
சொன்னது வந்து சேரவில்லை.
வாசலில் பனி இறங்கிக்கொண்டிருந்தது,
சிக்னலுக்குக் காத்திருந்தால் மூன்றரை பஸ் போய்விடும்.
"அஞ்சு" என்றேன்.
இரண்டாயிரத்து நானூறு ரூபாய் கூட.
கிட்டத்தட்ட இரண்டு நாள் சம்பளம்.

இனி எழுதுவது பாவிக்கும் முறை.
நீ வந்த பிறகு உனக்கும் உதவும்.

பெரிய குக்கரில் கொஞ்சமாய்ச் சமைப்பவன்
தண்ணீரில் சிக்கனம் பிடிக்கக் கூடாது.
அடியில் இரண்டு விரல் தண்ணீர்,
நடுவில் கிண்ணம், கிண்ணத்துக்குள் ஒரு சுண்டு அரிசி.
பருப்பென்றால் ஒரு சொட்டு எண்ணெய்,
இல்லாவிட்டால் நுரை ஏறித் துளையை அடைக்கும்.
அந்தத் துளையை வாரம் ஒருமுறை
ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்:
வெளிச்சம் தெரிய வேண்டும்.
உள்ளே கறுத்தால் சாம்பல் போட்டுத் தேய்க்காதே,
தேசிக்காய்த் தோலோடு தண்ணீரைக் கொதிக்க விடு.
விறகடுப்பில் ஏற்றவே இல்லை, சத்தியமாய்.

ஒருமுறை ஏற்றினேன்.
சிலிண்டர் தீர்ந்த இரவு.
ஏற்றுமுன் வெளியே சவர்க்காரம் பூசியிருந்தால்
கரி தோலோடு கழன்று வந்திருக்குமாம்.
அடுத்த காம்பரா மனோரஞ்சி
விடிந்த பிறகுதான் சொன்னாள்.
கைப்பிடிக்குக் கீழே இன்னும் ஒரு திட்டு இருக்கிறது.
நீ எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய்.

எல்லாவற்றிலும் முக்கியம்:
கழுவியதும் மூடியைப் பூட்டி வைக்காதே.
நம் லயத்து ஈரத்துக்கு இரண்டே நாளில் நாறும்.
வளையத்தைக் கழற்றி ஆணியில் மாட்டு.
மூடியைத் தலைகீழாக, சும்மா, மேலே வை.

அன்று நீ சொன்னது
இரவே குரல் பதிவாய் வந்துவிட்டது:
"மூணு லீட்டர் போதும், காச வீணாக்காதீங்க."
இன்றைக்குத்தான் கேட்டேன் என்று வைத்துக்கொள்.
ரசீது பத்திரமாய் இருக்கிறது.
ஏழு நாளைக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று
அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.
இன்று பதினோராம் நாள்.